ஆறுக்குட்டியின் நெஞ்சுப் படம்

அனுப்பர்பாளையத்தில் மாப்பிள்ளை சக்கரத்தில் நிற்கிறான் என்றால் பெண் வீட்டார் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். சக்கரம் என்றால் பாத்திரப் பட்டறையில் பாலீஸ் போடும் சக்கரம். மோட்டார் சுழற்றுகிற துணிச்சக்கரத்தில் குடத்தையும் போசியையும் அழுத்திப் பிடித்து, முகம் பார்த்துத் தலை சீவுகிற அளவுக்குப் பளபளப்பாக்க வேண்டும். தட்டுகிறவன், பற்ற வைத்து ஒட்டுகிறவன், கழுவுகிறவன் எல்லோரையும்விட இவனுக்குக் கூலி கூட. எத்தனை வருஷம் நிற்பான் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பத்தொன்பது வருஷம் பக்கத்து வீட்டில் குடியிருந்தும் ஆறுக்குட்டியைப் பற்றி நானும் அதைக் கேட்டதில்லை.

எங்களுடையது எட்டு வீட்டு லைன். மேலே அட்டைக் கூரை, முன்னால் ஒரே குழாய், கடைசியில் இரண்டு கக்கூஸ். மூன்றாவது வீடு எனக்கு, நான்காவது அவனுக்கு. நடுவில் அரைக்கல் சுவர். அவன் இருமினால், எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்து இருமுகிறான் என்பதுகூட எனக்குத் தெரியும்.

எனக்குப் பூவும் சங்கும் தொழில். காலையில் மாரியம்மன் கோயிலுக்குப் பூக் கட்டுவேன். ஊரில் இழவு விழுந்தால் சங்கு ஊதப் போவேன். பாடை தூக்கியதில் இருந்து தெருமுனை திரும்பும்வரை ஒரே மூச்சில் ஊதுவேன். சுற்றுவட்டாரத்தில் அப்படி ஊத ஆள் இல்லை என்று சொல்வார்கள். சொல்லாதபோது நானே சொல்லிக்கொள்வேன். என்னைக் கெடுத்தது அந்தக் கர்வம்தான்.

ஆறுக்குட்டி வேலை முடிந்து வருவதைப் பார்த்தால் புது ஆட்கள் பயந்துவிடுவார்கள். தலையில் கட்டிய துண்டில் இருந்து கால் நகம்வரை கரி. கண் இரண்டும் பல்வரிசையும்தான் தெரியும். சக்கரத்தில் எமரி என்கிற கல்மாவை வச்சிரப் பசையால் ஒட்டியிருப்பார்கள். பாத்திரம் பட்டதும் மாவும் பித்தளையும் துணி நூலும் சேர்ந்து பறக்கும். மூக்குக்குத் துணி கட்டினால் வேர்வையில் ஒட்டிக்கொண்டு மூச்சு முட்டுகிறது என்று கழற்றி எறிந்துவிடுவார்கள். காத்தாடி போட்டால் தூசி பக்கத்துச் சக்கரத்துக்காரன் மேல் போகும், அதனால் காத்தாடியும் கிடையாது. சாயங்காலம் மோட்டார் நின்றதும் முதலாளி ஆளுக்கொரு வாழைப்பழமும் ஒரு துண்டுக் கருப்பட்டியும் கொடுப்பார். பழம் வழவழவென்று இறங்கும்போது நெஞ்சில் இருக்கிற தூசியும் கூடவே வயிற்றுக்கு இறங்கிவிடுமாம். பட்டறை தோன்றிய நாளில் இருந்து இந்த வைத்தியம். ஆறுக்குட்டி லீவு நாளில்கூடப் பழம் தவறவிட்டதில்லை.

அவன் பெண்டாட்டி மயிலாத்தாள் அவன் துணியைத் தனியாகத்தான் துவைப்பாள். முதல் தண்ணீர் மை மாதிரி ஓடும், மூன்றாம் தண்ணீர் சாம்பலாக ஓடும். குழாயடியில் மற்ற பெண்கள் முணுமுணுப்பார்கள்.

"ஏன்டி மயிலா, புருசனத் துவைக்கறயா, துணியத் துவைக்கறயா?"

"ரெண்டும் ஒண்ணுதானக்கா. துணியாவது வெளுக்குது."

நாலு வருஷத்துக்கு முன்னால், மாசி மாதம், பட்டறைகளுக்கு ஒரு வேன் வரப்போவதாகப் பேச்சு கிளம்பியது. சக்கரத்தில் நிற்பவர்களை நெஞ்சுப் படம் எடுக்கப் போகிறார்கள், குழாயில் ஊதச் சொல்லி மூச்சை அளக்கப் போகிறார்கள், கோளாறு இருந்தால் சக்கரத்தை விட்டு இறக்கிவிடச் சொல்லி முதலாளிக்குக் காகிதம் வரும் என்றார்கள். அன்று பொழுதோடு ஆறுக்குட்டி குளித்துவிட்டு என் வாசலில் வந்து உட்கார்ந்தான். நான் கதம்பம் கட்டிக்கொண்டிருந்தேன்.

"மச்சா, ஒரு ஒத்தாசை பண்ணோணும்."

"பூவா, சங்கா?"

"உன்ற நெஞ்சு வேணும்."

"எதுக்குடா, சட்டையாட்டம் மாட்டிக்கவா?"

அவன் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கெழம வேன் வருது. பட்டறை அட்டையில பேரு மட்டுந்தான், போட்டோ கெடையாது. நீ என்ற பேரச் சொல்லி நின்னயின்னா சோலி முடிஞ்சுது."

"உனக்கென்ன கேடு? கல்லாட்டந்தான இருக்கறே."

"மாடிப்படி ஏறுனா இப்பெல்லாம் நின்னு நின்னுதான் ஏறறேன். அவகிட்டச் சொல்லல."

"அப்ப எறங்கிக்க வேண்டீதுதானே. உசுரு பெருசா, சக்கரம் பெருசா?"

"எறங்கிட்டு? பொம்பளைகளோட ஒக்காந்து போசி கழுவி, காயிதம் சுத்தறதா? அதுல பாதிக் கூலிகூட வராது. மக கோகிலாவ நர்சுப் படிப்புக்குச் சேத்தியாச்சு. இன்னம் மூணு வருசம். மூணே வருசம் மச்சா. பொறவு நானே மோட்டார நிறுத்திப்போட்டு வந்தர்றேன்."

பூ நாரைப் பல்லில் கடித்துக்கொண்டு யோசித்தேன். யோசித்தேன் என்று சொல்வதுகூடப் பொய். குழாயில் ஊத வேண்டும் என்று அவன் சொன்னபோதே எனக்குள் ஒரு குறுகுறுப்பு வந்துவிட்டது. என் மூச்சை மெஷின் வைத்து யாரும் அளந்து பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை அவனுடைய அழுக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். பட்டறை மூலையில் குவிந்து கிடந்த தூசியை அள்ளி ஆறுக்குட்டியே என் முகத்திலும் கையிலும் பூசினான். பெற்றவள் பார்த்தாலும் அடையாளம் தெரியாது. மற்றச் சக்கரக்காரர்கள் பார்த்துச் சிரித்தார்களே ஒழிய, காட்டிக்கொடுக்கவில்லை. அவர்களில் இரண்டு பேர் தங்களுக்குப் பதிலாகத் தம்பியை அனுப்பியிருந்தார்கள், ஒருவன் மச்சினனை.

வேனுக்குள் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். படம் எடுக்கிற பையன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"மூஞ்சி கரியா இருக்குது, மாரு வெள்ளையா இருக்குது?"

"பனியன் போட்டிருந்தனுங்."

பிறகு ஒரு பெண் டாக்டர் குழாயை நீட்டினார். சின்ன வயது. முழுசாக மூச்சை இழுத்து, முடிகிறவரைக்கும் ஊதச் சொன்னார். ஊதினேன். அவர் மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ஊதச் சொன்னார். மறுபடி ஊதினேன்.

"எத்தனை வருசமா பாலீஸ் போடறீங்க?"

"பதினஞ்சு வருசங்."

"இவ்வளவு தூசியில நின்னும் இப்படி ஊதறீங்களே, பரவால்ல!"

இந்தப் பாராட்டை வெளியே நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள முடியாதே என்பதுதான் அன்றைக்கு எனக்கு இருந்த ஒரே வருத்தம்.

சாயங்காலம் படத்தை வாங்கப் போனபோது டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்து, "இடது பக்கம் ஒரு விலா எலும்பு ஒடஞ்சு கூடியிருக்கு. எங்க விழுந்தீங்க?" என்று கேட்டார். பதினெட்டு வயதில் கோயில் செண்பக மரத்தில் பூப்பறிக்க ஏறி விழுந்தவன் நான். ஊருக்கே தெரிந்த கதை.

"அண்டா உழுந்துருச்சுங்," என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். நெஞ்சு சுத்தம், வேலைக்குத் தகுதி என்று முத்திரை குத்திப் பெரிய உறையில் போட்டுக் கொடுத்தார்.

ஆறுக்குட்டி அன்றைக்குக் கோழி எடுத்தான். மயிலாத்தாளுக்கு விஷயம் சொல்லவில்லை. புருஷனுக்கு நெஞ்சு சுத்தம் என்று முத்திரையோடு காகிதம் வந்த சந்தோஷத்தில் அவள் எனக்கு இரண்டு கரண்டி அதிகமாகவே ஊற்றினாள். மறுநாள் அவன் என் சங்கை வாங்கிக்கொண்டு போய், அதன் வாயில் இருக்கிற பித்தளைப் பூணுக்குச் சக்கரத்தில் பாலீஸ் போட்டுக் கொண்டுவந்தான். என் அப்பா காலத்தில் இருந்து பச்சை பிடித்துக் கிடந்தது அது. இப்போது அதில் என் முகம் தெரிந்தது.

மூன்று வருஷம் என்றான். இரண்டு வருஷத்திலேயே சக்கரம் அவனை இறக்கிவிட்டது. முதலில் சளி என்றார்கள். பிறகு காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். சிறுநீர் சிவப்பாகப் போனதே தவிர இருமல் போகவில்லை. மறுபடி ஆறு மாதம். பெரிய ஆசுபத்திரியில்தான் சொன்னார்கள், இது கிருமி இல்லை, தூசி, உள்ளே போனது போனதுதான், இனி வெளியே வராது என்று.

அப்புறம் ஆறுக்குட்டி படுக்கவே இல்லை. படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று பயம். சுவரில் சாய்ந்து, மடியில் இரண்டு தலையணை வைத்து, அதன்மேல் குனிந்து உட்கார்ந்தபடியே தூங்கினான். அவன் சாய்ந்தது எங்கள் நடுச்சுவரில். அந்தப் பக்கம் அவன் முதுகு, இந்தப் பக்கம் என் பாய். மயிலாத்தாள் பனியன் கம்பெனிக்குப் பிசிறு வெட்டப் போனாள். போவதற்கு முன் அரிசிம்பருப்பு சாதத்தைக் குழைய வடித்து, அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போவாள். நாலு வாய் தின்பதற்குள் அவனுக்கு மத்தியானம் ஆகிவிடும்.

தொழிலால் வந்த நோய் என்று டாக்டர்கள் குழு சான்று கொடுத்தால் வைத்தியமும் மாதாமாதம் உதவியும் கிடைக்கும், மூச்சு விடக் காற்று உருளையும் வீட்டுக்கே வரும் என்று யாரோ சொன்னார்கள். மயிலாத்தாள் மனு எழுதிப்போட்டாள். பதில் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன் எடுத்த படத்தில் நெஞ்சு சுத்தமாக இருக்கிறது. இவ்வளவு குறுகிய காலத்தில் தூசியால் இப்படி ஆக வாய்ப்பில்லை. புகைப்பழக்கமாக இருக்கலாம் என்று எழுதியிருந்தது. ஆறுக்குட்டி பீடியைக் கையால் தொட்டதில்லை.

அவள் அந்தக் காகிதத்தை என்னிடம்தான் கொண்டுவந்தாள். "என்னுங்ணா இப்புடி எழுதிருக்காங்? அப்ப சுத்தமா இருந்த நெஞ்சு அதுக்குள்ளயா இப்புடிப் போகும்?"

"என்னமோ ஆத்தா, ஆப்பீசுக்காரங்க எழுதறது நமக்கு எங்க வெளங்குது," என்றேன். அந்தப் பதிலைச் சொன்ன வாயை இப்போதும் நான் சுமந்துகொண்டுதான் திரிகிறேன்.

ஆடிப் பதினெட்டு நோம்பிக்குக் கோகிலா கோயம்புத்தூரில் இருந்து வந்தாள். நர்சுப் படிப்பின் கடைசிப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். அலமாரி மேல் கிடந்த பழைய உறையை எடுத்துப் படத்தை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நான் பக்கத்து வாசலில் பூவோடு உட்கார்ந்திருந்தேன்.

"அம்மா, அப்பாவுக்கு எப்ப எலும்பு ஒடஞ்சுது?"

"எலும்பா? அவியளுக்கு ஒரு முள்ளுக்கூடக் குத்துனதில்லியே."

"இங்க பாரு, ஒடஞ்சு கூடியிருக்குது. போன மாசம் எடுத்த படத்துல அது இல்ல. ஒடஞ்ச எலும்பு கூடும், தழும்பு எங்க போகும்? இது அப்பா படமே இல்லம்மா."

கையில் இருந்த பூவை நான் கட்டவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. மயிலாத்தாள் கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்ணா, நீங்க செண்பக மரத்துல இருந்து உழுந்தது எந்தப் பக்கம்?"

என் கை தானாக இடது விலாவுக்குப் போய்விட்டது.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. புருஷன் முன்னால் போய் நின்றாள். அவன் தலையணையில் இருந்து தலையைத் தூக்கினான். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு வாங்கினான்.

"நாந்தான்... கேட்டேன் புள்ள. அவன் மேல... தப்பில்ல."

"அன்னிக்கே எறக்கியிருப்பாங்களே! ரெண்டு வருசம் அந்தத் தூசியத் திங்காம இருந்திருப்பீங்களே! பொம்பளைகளோட போசி கழுவுனா என்ன கொறஞ்சா போயிருவீங்? நானும் பொம்பளைதான், என்னோட குடித்தனம் பண்ணலியா?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "நடந்தது நடந்துபோச்சுங்ணா. நாளைக்கு வந்து குழுவுல இருக்கற அந்த டாக்டரம்மாகிட்ட, அது என்ற நெஞ்சுன்னு சொல்லிருங். சட்டையக் கழட்டுனாப் போதும். எலும்பே சொல்லிரும்."

"வேண்டாம்," என்றான் ஆறுக்குட்டி. "கவுருமெண்டுக்குப் பொய் சொன்னான்னு... அவனப் புடிச்சு உள்ள வெச்சுப்போடுவாங். கோயில் சோலியும் போயிரும். மச்சா... நீ போவாத."

நோயாளி ஆயிரம் சொல்வான். ஆனால் நான் அந்த 'போவாத'வைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவனே வேண்டாம் என்கிறான், நான் என்ன செய்ய என்று எனக்கு நானே ஆடியிலும் சொன்னேன், ஆவணியிலும் சொன்னேன். கோயில் கமிட்டி கூடும்போதெல்லாம் என்னைத்தான் பேசுகிறார்கள் என்று தோன்றும். போலீஸ்காரர் டீக்கடையில் நின்றால் வேறு தெரு வழியாகப் போவேன்.

மயிலாத்தாள் இரண்டாவது தடவை கேட்கவே இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் அவளுக்கு ஒரு முழம் பூ கொடுப்பது வழக்கம். வாங்குவதை நிறுத்திவிட்டாள். நான் அவள் கதவுக் கொண்டியில் மாட்டிவிட்டு வருவேன். அடுத்த வெள்ளிக்கிழமை வரை அது அங்கேயே காய்ந்து தொங்கும்.

ஐப்பசியில் ஒருநாள், அடைமழை. அட்டையில் மழை கொட்டுகிற சத்தத்தில் ஆறுக்குட்டியின் இருமல் கேட்கவில்லை. கேட்கவில்லையே என்று பதறிப் போய்ப் பார்த்தேன். மயிலாத்தாள் வேலைக்குப் போயிருந்தாள். அவன் கையில் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தான். டீக்கடையில் இருந்து யாரோ வாங்கிவந்து வைத்த சூடான டீ. உதட்டைக் குவித்துக்கொண்டிருந்தான். ஊதுகிறான் என்று நினைத்தேன். டீயில் ஆடை அசையவே இல்லை. மறுபடி குவித்தான். ஆவி நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் அசடு வழியச் சிரித்தான். "ஆத்திக் குடு மச்சா."

வாங்கி ஒரே ஒரு ஊது ஊதினேன். டீ விளிம்பைத் தாண்டித் தெறித்தது. அவன் அதைப் பார்த்தான். பொறாமை இருந்திருந்தால் எனக்குத் தேவலாம். பசித்தவன் பலகாரக் கடையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தான். டம்ளரை அவன் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்து மழையில் நின்றேன். பிறகு அழுதேன்.

மறுநாள் காலை மயிலாத்தாளிடம்கூடச் சொல்லாமல் பெரிய ஆசுபத்திரிக்குப் பஸ் ஏறினேன். குழுவில் இருந்தது வேனில் வந்த அதே டாக்டரம்மாதான், இப்போது கண்ணாடி போட்டிருந்தார். சட்டையைக் கழற்றிவிட்டுச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், கரி பூசியது முதல் அண்டா விழுந்தது வரை. புதுசாக என்னைப் படம் எடுத்துப் பழைய பதிவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அன்னைக்கே எனக்கு மனசுல பட்டுச்சு. பாலீஸ் போடறவர் யாரும் அப்படி ஊத மாட்டார்," என்றார். "ஏன் இத்தனை நாள் வரல?"

"ஜெயில்ல போட்டுருவாங்கன்னுங்..."

அவர் ஒரு தாளை நீட்டினார். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவ்வளவுதான். போலீஸ் இல்லை, கோர்ட்டு இல்லை, ஒரு அதட்டல்கூட இல்லை. ஒரு கையெழுத்து. அதற்காக நான் மூன்று மாதம் தெரு மாற்றி நடந்திருக்கிறேன். நான் நடந்த அந்த மூன்று மாதமும் அவன் உட்கார்ந்தே இருந்திருக்கிறான்.

"இருபதாம் தேதி குழு கூடுது. அவரை நேர்ல கூட்டிட்டு வாங்க. ஆளைப் பார்த்துட்டா அன்னைக்கே சான்று எழுதிரலாம்."

ஓடிவந்து சொன்னேன். ஆறுக்குட்டி, "சொல்லீட்டயா? உன்னய... ஒண்ணும் பண்ணலியே?" என்றுதான் முதலில் கேட்டான். அந்த வெள்ளிக்கிழமை மயிலாத்தாளின் கதவுக் கொண்டியில் பூ இல்லை. எடுத்திருந்தாள். பத்தொன்பதாம் தேதி மாலைக்கே கார் சொல்லி வைத்தேன். அவனைச் சாய்த்து உட்கார வைக்க முன்சீட்டு சாய்கிற காராகப் பார்த்துப் பேசினேன்.

பதினேழாம் தேதி காலை, கோயிலுக்குப் பூவை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் மயிலாத்தாளின் குரல் கேட்டது. "ஏனுங்... ஏனுங்..." என்று மூன்று தரம் கூப்பிட்டாள். நாலாவது தரம் கூப்பிடவில்லை.

தலையணை மேல் குனிந்தபடியே போயிருந்தான். ராத்திரி சாப்பிட வைத்த வாழைப்பழம் பக்கத்தில் பாதி உரித்தபடி இருந்தது.

பட்டறைகளில் அன்று மோட்டாரை நிறுத்தினார்கள். சக்கரக்காரர்கள் பதினோரு பேரும் கரியோடு அப்படியே வந்து நின்றார்கள். தம்பியை அனுப்பிய இருவரும் நின்றார்கள், மச்சினனை அனுப்பியவனும் நின்றான். என்னை யாரும் நேராகப் பார்க்கவில்லை. ஒருவன் மட்டும் இருமினான். மற்றவர்கள் திரும்பி அவனைப் பார்த்தார்கள்.

மத்தியானம் பாடை கட்டி முடிந்தது. சங்கை எடுத்தேன். பூண் மின்னியது. நாலு வருஷம் ஆகியும் அந்தப் பாலீஸ் மங்கவில்லை, அவன் கை அப்படி. வாயில் வைத்தேன். மூச்சை இழுத்தேன். வரவில்லை. மறுபடி இழுத்தேன், மறுபடியும் வரவில்லை. தூக்குகிறவர்கள் தோளைக் கொடுத்துக்கொண்டு காத்திருந்தார்கள். சங்கு ஊதாமல் பாடை நகராது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மயிலாத்தாள் வந்தாள். கோகிலா அவளைப் பிடித்திருந்தாள். அவள் என் முன்னால் நின்று, சங்கைப் பார்த்தாள், என் இடது விலாவைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"ஊதுங்ணா. ஏன் நிக்கறீங்? அவிய பேர்ல ஊதறது உங்களுக்கு என்ன புதுசா?"

ஊதினேன். தெருமுனை திரும்பும்வரை ஒரே மூச்சாக ஊதினேன். நல்ல மூச்சு. ஒரு பொட்டுத் தூசி கலக்காத மூச்சு.